வெப்பமானி இருந்த இடம்

எங்கள் குடும்பப் பதிவேட்டில் ரெய்மண்டுக்கு இதுவரை நான்கு வரிகளே இருந்தன. பிறப்பு: 1982 மார்ச் 9, கோல சிலாங்கூர். ஞானஸ்நானம்: அதே ஆண்டு ஏப்ரல். திருமணம்: 2011, கிளாரிஸ்ஸாவுடன். தொழில்: குளிர்பதன மெக்கானிக். ஒருவருடைய வாழ்க்கை நான்கு வரிக்குள் அடங்குவது பதிவேட்டு வழக்கம்தான்; அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நடந்ததை ஐந்தாவது வரியாகச் சுருக்க முடியவில்லை. ஆகவே தனித்தாளில் எழுதிச் சேர்க்கிறேன். தேதிகளும் எண்களும் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டிலிருந்து எடுத்தவை. பேச்சுகளைப் பேசியவர்களிடமே தனித்தனியாகக் கேட்டு, ஒத்துவந்தவற்றை மட்டும் இட்டிருக்கிறேன்.

ரெய்மண்ட் என் சித்தப்பா காப்ரியலின் மூத்த மகன். பத்தொன்பது வயதில், கையில் ஒரு பயிற்சிச் சான்றிதழோடு, சுங்கை செம்பிலாங் படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்த பனிக்கட்டி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆலையின் நடுவே பெரிய தொட்டி, தொட்டி நிறைய, உறைநிலைக்கும் கீழே குளிர்ந்த உப்புநீர், அந்த உப்புநீருக்குள் வரிசை வரிசையாகத் தகரப் பெட்டிகள், பெட்டிகளுக்குள் நன்னீர். உப்புநீரின் குளிரில் நன்னீர் கட்டியாகும். வெப்பமானி எப்போதும் உப்புநீரில்தான் தொங்கும். கட்டிக்குள் வைத்தால் அதுவும் சேர்ந்து உறைந்து உடைந்துபோகும். உப்புநீரின் எண் ஆடாமல் நின்றால் கட்டி தானாக வரும் என்பதை அங்கே வேலை செய்தவர்கள் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வார்கள். துடுப்பு ஒன்று அந்த நீரை ஓயாமல் கலக்கிக்கொண்டிருந்ததால், தொட்டியின் எந்த மூலையில் அளந்தாலும் ஒரே குளிர்தான். பதின்மூன்று ஆண்டுகள் ரெய்மண்ட் அந்த எண்ணை நம்பினார். அது ஒருநாளும் அவரை ஏமாற்றவில்லை.

ஆலை மூடப்பட்ட பிறகு, 2015இல், பல்கலைக்கழகம் ஒன்றின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. ஹீலியம் வாயுவைத் திரவமாக்கிக் காத்து வைப்பதும், அதைக்கொண்டு படிகங்களைக் குளிர்விப்பதும் அவர் பொறுப்பு. உப்புநீரின் குளிர் மைனஸ் பத்து டிகிரி என்றால், இங்கே மைனஸ் இருநூற்று எழுபது. விஞ்ஞானிகள் அதைக் கெல்வின் கணக்கில் இரண்டு, மூன்று என்று சொல்வார்கள். விடிவதற்குள் சுங்கை செம்பிலாங்கில் காரை எடுத்தால் ஏழு மணிக்கு அவர் அந்தக் குளிரின் பக்கத்தில் நிற்பார். எட்டு ஆண்டுகளில் ஒரு நாள்கூட ஹீலியம் வீணாகப் போனதில்லை என்று அந்தத் துறையினர் இன்றும் சொல்கிறார்கள்.

அங்கேதான் துளசியின் முனைவர் பட்ட ஆய்வு நடந்துகொண்டிருந்தது. துளசி அசாம் ஜாவாவைச் சேர்ந்தவர். செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவரின் மகள். அவர் ஆராய்ந்தது காட்மியமும் ஆர்செனிக்கும் சேர்ந்த ஒரு படிகத்தை. அரிசி மணியளவுகூட இராது. இதை 'இடத்தியல் பொருள்' என்ற வகையில் சேர்க்கிறார்கள். துளசி எனக்குச் சொன்ன வண்ணமே, எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

ஓர் உலோகத்தைக் கடுங்குளிருக்குக் கொண்டுபோய், அதன்மீது காந்தப்புலத்தை மெல்ல மெல்ல ஏற்றினால், அதன் மின்தடை ஒரே சீராக உயராது. அலைபோல் ஏறி இறங்கும். இதைக் குவாண்டம் அலைவு என்கிறார்கள். உள்ளே எலெக்ட்ரான்கள் எப்படி ஓடுகின்றன என்பதை அந்த அலையின் அதிர்வெண் காட்டிக்கொடுக்கும். படிகத்தைச் சற்றே சூடேற்றினால் அலையின் உயரம் குறையும். மேலும் சூடேற்றினால் அலையே அழிந்துபோகும். சாதாரண உலோகங்களில் அவ்வளவுதான். உயரம் குறையுமே தவிர அதிர்வெண் அசையாது. ஆனால் துளசியின் படிகத்தில் எலெக்ட்ரான்கள் நிறையே இல்லாதவைபோல் ஓடுகின்றன. அப்படிப்பட்ட பொருளில், சூடேறும்போது அதிர்வெண்ணும் மயிரிழை அளவு கீழே நகர வேண்டும். அந்த நகர்வை வெப்பநிலையின் வர்க்கத்துக்கு எதிரே புள்ளியிட்டால் நேர்கோடு கிடைக்க வேண்டும். நகர்வு இருந்தால் எலெக்ட்ரானின் இயல்பு ஒரு விதம். இல்லாவிட்டால் வேறு விதம். வெறும் சூட்டைக்கொண்டு ஒரு பொருளின் உள்ளியல்பைச் சோதிக்கும் வழி இது. துளசி அந்தப் படிகத்தில் துத்தநாகத்தைச் சிறிது சிறிதாகக் கலந்து, கலக்கக் கலக்க அந்த நகர்வு என்ன ஆகிறது என்று பார்த்தார். மூன்று படிகங்கள், மூன்று ஆண்டு வேலை.

2023 ஏப்ரலில் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. பதினான்கு கெல்வின் வரை புள்ளிகள் நேர்கோட்டில் வந்தன. அதற்கு மேல் கோடு வளைந்தது. நகர வேண்டிய அளவு நகரவில்லை. மறுபடி அளந்தார்கள், அதே வளைவு. அடுத்த படிகத்திலும் பதினான்கில் வளைந்தது. துத்தநாகம் மிகுந்த மூன்றாவதில் நகர்வே தெளிவாகத் தெரியாததால் அதைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கினார்கள். இரண்டு வெவ்வேறு படிகங்கள் ஒரே இடத்தில் வளைவது சந்தேகப்பட வேண்டிய செய்தி. அவர்களோ அதை உறுதிப்பாடு என்று எடுத்துக்கொண்டார்கள். இதற்கு முன் யாரும் சொல்லாத வளைவு என்பதால், துளசியின் ஆய்வேட்டுக்குக் கடைசி அத்தியாயமாகவும், தனி ஆய்வுக்கட்டுரையாகவும் அது எழுதப்பட்டது. கட்டுரை ஆகஸ்டு 21, திங்கட்கிழமை ஆய்விதழுக்கு அனுப்பப்பட இருந்தது. ஆய்வேட்டுக்கு டிசம்பர் முதல் தேதி கெடு. கட்டுரையில் ஐந்து பெயர்கள். மூன்றாவது பெயர் ரெய்மண்ட். எங்கள் குடும்பத்தில் ஒருவர் பெயர் அப்படி அச்சேறுவது அதுவே முதல் முறை.

இந்தச் செய்தியைத் தம் தாயாரிடம் அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சித்தி மாடில்டா அதைச் சாதாரணமாகக் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் குடும்பத்தில் தேர்வில் தேறினாலும், வேலை கிடைத்தாலும், வீடு வாங்கினாலும் ஒரு நன்றித் திருப்பலி உண்டு. எதற்காக நன்றி என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் பங்குத்தந்தை பீடத்தில் நின்று வாசிப்பார். பிறகு கோயில் மண்டபத்தில் சாப்பாடு. சான்றிதழ் கைக்கு வந்த பிறகே திருப்பலி என்பது வழக்கம். ஆனால் மண்டபம் அக்டோபர் வரைக்கும் திருமணங்களுக்குப் போய்விட்டிருந்தது. ஆகஸ்டு 20 மட்டுமே காலி. சித்தி அந்த நாளை எடுத்துக்கொண்டு ஐம்பது பேரை அழைத்துவிட்டார். "ரெய்மண்டின் புதிய கண்டுபிடிப்புக்காக இறைவனுக்கு நன்றி" என்று சீட்டும் கொடுத்தாயிற்று.

இனி, அந்த வாரம்.

ஆகஸ்டு 15, செவ்வாய்க்கிழமை. கட்டுரையின் பின்னிணைப்புக்காக ஒரே ஒரு முறை மீண்டும் அளந்து வைக்கும்படி துளசியின் வழிகாட்டியான பேராசிரியர் சொல்லியிருந்தார். துளசி உறவினர் திருமணத்துக்காகச் செரண்டாவுக்குப் போயிருந்தார். ஹீலியம் கொண்டுவர வேண்டிய லோரி வரவில்லை. வெள்ளிக்கிழமைதான் வரும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். இருக்கும் ஹீலியத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டி, படிகத்தைச் சுற்றி ஓடும் குளிர்வாயுவின் வேகத்தை ரெய்மண்ட் பாதியாகக் குறைத்தார். குளிர் குறைவாக வருவதால், படிகத்தைச் சூடாக்கும் சிறு ஹீட்டரும் பாதி வேலை செய்தால் போதும். மற்றவை அனைத்தும் வழக்கம்போல். மாலை நான்கு மணிக்குக் கணினி புள்ளிகளை வரைந்து முடித்தது.

வளைவு இருந்தது. ஆனால் பதினான்கில் இல்லை, பத்தொன்பதில் இருந்தது.

ரெய்மண்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படிகத்தின் குணம் படிகத்துக்குள் இருப்பது. வெளியே ஓடும் வாயு வேகமாக ஓடினால் என்ன, மெதுவாக ஓடினால் என்ன? வாயுவின் ஓட்டத்துக்கு ஏற்ப இடம் மாறும் வளைவு படிகத்துக்குச் சொந்தமானதாக இருக்க முடியாது. அப்படியென்றால் வேறு எதற்குச் சொந்தம்? அன்று மாதா விண்ணேற்புத் திருநாள். மாலைத் திருப்பலியில் அவர் உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. காணிக்கைப் பாட்டின்போது விடை கிடைத்துவிட்டது.

அந்த ஆண்டு பிப்ரவரியில், படிகத்துக்குக் கீழே இருந்த வெப்பமானி பழுதாகிவிட்டது. புதியதை ஒட்டியவர் ரெய்மண்ட். பழைய இடத்தில் ஒட்டினால் எண் ஆடிக்கொண்டே இருந்தது. ஹீட்டருக்குப் பக்கத்தில், செப்புத் துண்டின்மீது ஒட்டியபோது எண் அசையாமல் நின்றது. ஆடாத எண் நல்ல எண். அதை அவருடைய கை பனிக்கட்டி ஆலையில் கற்றிருந்தது. அவர் யோசித்துச் செய்யவில்லை. யோசிக்கத் தேவையே இல்லை என்று தோன்றிய அளவுக்கு அது பழக்கம். ஆனால் இங்கே உப்புநீரைக் கலக்கும் துடுப்பு இல்லை. ஹீட்டரின் பக்கத்தில் ஒரு சூடு, குளிர்வாயு மோதும் படிகத்தில் ஒரு சூடு. ஹீட்டர் கடுமையாக வேலை செய்யச் செய்ய வித்தியாசம் கூடும். வெப்பமானி இருபது என்றால் படிகம் இருபதில் இல்லை. குறிப்பேட்டில் அவர் எழுதியிருந்தது இரண்டே சொல்: "வெப்பமானி மாற்றப்பட்டது." எங்கே ஒட்டினார் என்பது இல்லை.

வியாழக்கிழமை காலை, அனுமானத்தோடு நிற்காமல் அதைச் சோதித்தார். படிகத்தை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்திலேயே இன்னொரு சிறு வெப்பமானியை ஒட்டினார். மீதமிருந்த ஹீலியத்தில் வாயுவைப் பழைய வேகத்துக்கே ஏற்றினார். ஹீட்டருக்குப் பக்கத்து வெப்பமானி பத்து காட்டியபோது படிகத்தின் இடத்தில் இருந்தது 9.9. பதினான்கு காட்டியபோது 13.6. இருபது காட்டியபோது 17.8. இருபத்தெட்டில் 24.1. நான்கு எண்களையும் எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிட்டார்.

அன்று மாலை சாப்பாட்டின்போது கிளாரிஸ்ஸாவிடம் சொன்னார்.

"வேற யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டார் கிளாரிஸ்ஸா.

"இல்ல."

"தெரியாமலே போயிருமா?"

"போகலாம். ரெண்டு வருசம் கழிச்சு எங்கயாவது எவனாவது அளந்து பாத்துட்டு, அப்படி ஒண்ணும் இல்லையேம்பான். அப்பக் கெடப்போறது துளசி பேரு. என் பேர யாரு தேடப் போறா?"

"அப்ப நாளைக்கே சொல்லுங்க. எதுக்கு மீன் கொழம்ப முன்னாடி வச்சுக்கிட்டுப் பெருமூச்சு விடுறீங்க? ஆறுதுல்ல."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குத் துளசி கல்யாணப் பலகாரப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார்.

"என்ன அண்ணே, மூஞ்சி சுண்டிப்போய்க் கெடக்கு? கம்ப்ரெசர் மறுபடியும் படுத்துருச்சா?"

"அது நல்லாத்தான் ஓடுது. நீ கொஞ்சம் உக்காரு."

"நீங்க உக்காரச் சொன்னா பயமா இருக்குலா. நின்னுக்கிட்டே கேக்கறேன், சொல்லுங்க."

ரெய்மண்ட் இரண்டு வரைபடங்களையும் நான்கு எண்கள் எழுதிய பக்கத்தையும் மேசையில் வைத்தார். முழுவதையும் சொல்ல அவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. துளசிக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இருபதுக்கு நேரே 17.8 என்பதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"நாலு மாசமா எழுதுறேன் அண்ணே அந்தச் சாப்டர. நாலு மாசம்."

"தெரியும்மா."

"எங்க ஒட்டுனீங்கன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம்ல? ஒரே ஒரு வரி?"

"எழுதணும்னே தோணல. ஐஸ் பேக்டரில நாங்க எப்பவுமே..."

"இது ஐஸ் பேக்டரி இல்ல!"

அந்தக் குரலுக்குப் பக்கத்து அறையில் வேலை செய்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். துளசி எழுந்து வெளியே போய்விட்டார். ரெய்மண்ட் அங்கேயே இருந்தார். போய்ச் சமாதானம் சொல்லும் உரிமை தமக்கு இல்லை என்று நினைத்ததாக என்னிடம் சொன்னார். முக்கால் மணி நேரம் கழித்துத் துளசி திரும்பி வந்தபோது கையில் இரண்டு பொட்டலம் தே தாரேக் தேநீர் இருந்தது. ஒன்றை அவர் முன்னால் வைத்தார்.

"புரொபசர்ட்ட யாரு சொல்றது?"

"நான்தான். ஒட்டுனது நான்தானே."

"தனியாப் போனா எல்லாத்தையும் தலைல போட்டுக்கிட்டு வருவீங்க. ரெண்டு கிறிஸ்டலும் ஒரே எடத்துல வளையுதே, எப்படின்னு நான் கேட்டிருக்கணும். சந்தோசத்துல கேக்கல. ரெண்டு பேருமே போவோம். மொதல்ல அத குடிங்க, ஆறிப்போகுது."

பேராசிரியர் குறைவாகப் பேசுபவர். ஆங்கிலத்தில் நடந்த அந்தச் சந்திப்பின் சாரத்தை இங்கே தருகிறேன். அவர் வரைபடங்களைப் பார்த்தார். நான்கு எண்களைப் பார்த்தார். பிறகு பிப்ரவரி மாதக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினார். அந்த இரண்டு சொற்களின் கீழே, 'சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில், அவருடைய கையொப்பம் இருந்தது. படிக்காமலே இட்ட கையொப்பம் என்று அவரே சொன்னார். அதன்மீது விரலை வைத்துக்கொண்டு, இந்தப் பிழையில் மூன்று பேருக்குப் பங்கு உண்டு, ஆனால் கண்டுபிடித்தவர் ஒருவர்தான் என்றார். கட்டுரை திங்கட்கிழமை போகாது. ஆய்வேட்டின் கெடு மாறாது. அது அவர் கையில் இல்லை. பதினைந்து வாரம் இருக்கிறது. மூன்று படிகங்களையும் முதலிலிருந்து அளக்க முடியுமா என்று துளசியிடம் கேட்காமல் ரெய்மண்டிடம் கேட்டார். ஹீலியம் நேரத்துக்கு வந்தால் முடியும் என்றார் ரெய்மண்ட்.

வளைவு இல்லை என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. நேர்கோடு இருக்கிறதா என்பது தெரியவில்லை. வெப்பநிலையே பொய் என்றால், பதினான்குக்கு மேலே இருந்த எந்தப் புள்ளியையும் நம்ப முடியாது. நகர்வு ஒழுங்கில்லாமல் போனால் துளசியின் மூன்று ஆண்டுகளும் முடிவில்லாத ஓர் ஆய்வாகவே நிற்கும். அந்தப் பாரத்தோடுதான் அவர்கள் அன்று வீடு திரும்பினார்கள்.

ரெய்மண்டுக்கு வீட்டில் இன்னொன்று காத்திருந்தது.

"அம்மா, ஞாயித்துக்கெழமப் பூசைய நிறுத்திரலாம்."

"ஏன், ஃபாதருக்கு ஒடம்புக்கு முடியலையா?"

"ஃபாதர் நல்லாருக்காரு. அந்தக் கண்டுபிடிப்பு தப்பு. நான் செஞ்ச தப்பு."

சித்தி மாடில்டா கையிலிருந்த இஞ்சியைக் கீழே வைத்தார். "தப்புன்னு எவன் சொன்னான்?"

"நான்தான் பாத்தேன்."

"நீயேவா?"

"நானேதான்."

"யாரும் கேக்காமலே போய்ச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"வேல இருக்கா, போச்சா?"

"இருக்கும்மா."

"பெறகு எதுக்குடா நிறுத்தணும்? ஆட்டுக்கறிக்குச் சொல்லியாச்சு. ஜெரத்துலேருந்து ஒங்க அத்த இப்பவே புடவைக்கு இஸ்திரி போட்டிருப்பா. செஞ்ச தப்ப நீயே பாத்து நீயே போய்ச் சொன்னதுக்கு ஆண்டவருக்கு ஒரு பூசை வைக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

கிளாரிஸ்ஸா அடுப்பின் பக்கத்திலிருந்து சொன்னார்: "அத்த, இவரு ஒரு தப்பு செஞ்சதுக்கு அம்பது பேருக்குப் பிரியாணி. நான் போன வாரம் காரக் கொண்டுபோய்த் தூண்ல இடிச்சேன். எனக்கு எத்தன பேருக்கு?"

"நீ இடிச்சது எங்கிட்டயே இப்பத்தானே சொல்றே? சும்மா இரு."

சித்தி அன்றே பங்கு அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சீட்டை மாற்றச் சொன்னார். மாற்றிய சீட்டு என்னிடம் இருக்கிறது: "ரெய்மண்ட் தம் வேலையில் நேர்ந்த பிழையை உரிய நேரத்தில் காண அருள் செய்ததற்காக." பங்குத்தந்தை அதை வாசித்துவிட்டு ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒரு கருத்துக்கு அவர் திருப்பலி நிறைவேற்றியதில்லை என்று பிறகு சொன்னார். மண்டபத்தில் வந்தவர்களுக்கு வாழ்த்துவதா, ஆறுதல் சொல்வதா என்று தெரியவில்லை. பாதிப் பேர் கை குலுக்கினார்கள். பாதிப் பேர் தோளைத் தட்டினார்கள். ஆலையில் கூட வேலை செய்த அர்ஜுனன் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, தட்டைக் கையில் வைத்தபடியே, "அப்ப நாம பதிமூணு வருசமாப் போட்டது ஐஸ்தானா, இல்ல அதுவும் செக் பண்ணணுமா?" என்றார். ரெய்மண்ட் அந்த வாரத்தில் முதன்முறையாகச் சிரித்தார்.

துளசியும் தம் பெற்றோரோடு வந்திருந்தார். ரெய்மண்ட் அழைக்கவில்லை, சித்தி அழைத்திருந்தார். "என்னால உனக்குக் கஷ்டம், நீ வந்து சாப்பிட்டுட்டுப் போற" என்று ரெய்மண்ட் சங்கடப்பட்டபோது, "நாளைக்கே கிறிஸ்டல ஏத்துறோம்ல? பசியோட எப்படி ஏத்துறது?" என்றார் துளசி.

ஆகஸ்டு 21 அன்று, கட்டுரை போயிருக்க வேண்டிய திங்கட்கிழமையில், வேலை மறுபடி தொடங்கியது. இந்த முறை வெப்பமானி மெல்லிய நீலக்கல் தகட்டின் அடியில், படிகத்துக்கு நேர் கீழே. எண் ஆடியது. அது ஓய்வதற்குப் பத்து நிமிடம் காத்திருந்த இடத்தில் இப்போது ஐம்பது நிமிடம் காத்திருந்தார்கள். ஒவ்வொரு வெப்பநிலையிலும் வாயுவை ஒரு முறை முழு வேகத்திலும் ஒரு முறை பாதி வேகத்திலும் ஓடவிட்டு அளந்தார்கள். இரண்டு அளவும் ஒத்துவராவிட்டால் அந்தப் புள்ளி கணக்கில் இல்லை. இந்த விதியை வகுத்தவர் ரெய்மண்ட். குறிப்பேட்டில் அவர் எழுதும் வரிகள் அந்த நாளிலிருந்து நீண்டன. எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பசை என்று படம் வரைந்தே வைத்தார்.

செப்டம்பரில் முதல் படிகம் முடிந்தது. முப்பது கெல்வின் வரை பன்னிரண்டு புள்ளிகள்; ஒன்றுகூடக் கோட்டை விட்டு விலகவில்லை. வளைவு இருந்த இடத்தில் நேர்கோடு. துளசி அதைத் திரையில் பார்த்துவிட்டு ரெய்மண்டின் பக்கம் திரையைத் திருப்பி வைத்தார். அக்டோபரில் இரண்டாவது படிகம்: அதிலும் நேர்கோடு, ஆனால் சரிவு குறைவு. துத்தநாகம் கூடியதும் நகர்வு குறைந்திருந்தது. இடையில் ஒரு முறை ஹீலியம் ஒன்பது நாள் தாமதமாக வந்தது. அந்த ஒன்பது நாளும் துளசி காலையில் வந்ததும் முதலில் லோரி நிறுத்துமிடத்தைத்தான் பார்ப்பார் என்று ரெய்மண்ட் சொல்கிறார்.

நவம்பர் 9, வியாழக்கிழமை. துத்தநாகம் மிகுதியாகக் கலந்த மூன்றாவது படிகம். சூடேற ஏற அலை மெலிந்துகொண்டே வந்தது. ஆனால் அதிர்வெண் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. முழு வேகத்திலும் அசையவில்லை. பாதி வேகத்திலும் அசையவில்லை. முதலாவதில் முழு நகர்வு, இரண்டாவதில் பாதி, மூன்றாவதில் இல்லவே இல்லை. எலெக்ட்ரான்கள் ஓடும் விதம் எந்த அளவு துத்தநாகத்தில் மாறுகிறது என்பதை அந்த மூன்று கோடுகளும் எளிமையாகக் காட்டின. ஏப்ரலில் வளைவு முதல் இரண்டு கோடுகளையும் குழப்பியபோது இந்த எளிமை யாருக்கும் கண்ணில் படவில்லை. உலகம் வியக்கும் செய்தி அல்ல இது, ஆனால் மெய்யானது. காலை பதினொன்றரை மணிக்குத் துளசி அசாம் ஜாவாவில் இருந்த தம் தாயாரை அழைத்து, "அம்மா, சாப்டர் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

நவம்பர் 29 அன்று, கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாக, ஆய்வேடு கொடுக்கப்பட்டது.

2024 மார்ச் 14 அன்று வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர் முதல் அரைமணி நேரம் கணக்குகளைப் பற்றிக் கேட்டார். பிறகு மூன்று கோடுகளும் இருந்த பக்கத்தைத் திறந்து வைத்து, நீங்கள் சொல்லும் வெப்பநிலை வெப்பமானியின் வெப்பநிலையா, படிகத்தின் வெப்பநிலையா, இதை எப்படி அறிவீர்கள் என்று கேட்டார். ஆய்வேட்டின் மதிப்பே அந்த ஒரு கேள்வியில் நின்றது. துளசி பதினைந்து நிமிடம் பதில் சொன்னார். நீலக்கல் தகடு, ஐம்பது நிமிடக் காத்திருப்பு, இரண்டு வேகம் என்று விளக்கினார். பழைய வளைவையும் அவர் மறைக்கவில்லை. பிப்ரவரியில் நடந்ததையும் அதைக் கண்டவர் யார் என்பதையும் பெயரிட்டே சொன்னார். தேர்வாளர் தம் தாளில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

முடிவுக்காக வெளியே காத்திருக்கச் சொன்ன நேரத்தில் துளசி ரெய்மண்டுக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "அண்ணே, அதையே கேட்டாங்க." ரெய்மண்ட் அப்போது ஹீலியம் ஊற்றிக்கொண்டிருந்தார். தடித்த கையுறைகளோடு தொலைபேசியைத் தொட முடியாது. நடுவில் நிறுத்தினால் ஹீலியம் வீணாகும் என்பதால் அவர் நிறுத்தவுமில்லை. முடித்துக் கையுறையைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டாவது செய்தியும் வந்திருந்தது: "பாஸ்."

கட்டுரை அந்த ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. ஐந்து பெயர்களில் மூன்றாவது அவருடையது. செய்முறையைச் சொல்லும் பகுதியில், வெப்பமானி எங்கே எப்படி ஒட்டப்பட்டது என்று ஆறு வரிகள் இருக்கின்றன. அவற்றை ரெய்மண்ட் மலாய் மொழியில் எழுத, துளசி ஆங்கிலத்தில் ஆக்கினார். அதன் பிரதி ஒன்றைச் சித்தி என்னிடம் கொடுத்திருக்கிறார். பதிவேட்டில் இந்தத் தாளோடு சேர்த்து வைத்துள்ளேன். யார் யாருக்கு நன்றி என்று ரெய்மண்டைக் கேட்டபோது அவர் தந்த பட்டியலை அப்படியே எழுதுகிறேன்: கோபப்பட்டுவிட்டுத் திரும்பி வந்த துளசிக்கு, தம் கையொப்பத்தின்மீது விரல் வைத்த பேராசிரியருக்கு, குழம்பு ஆறுகிறது என்று சொன்ன கிளாரிஸ்ஸாவுக்கு, பூசையை நிறுத்தாத அம்மாவுக்கு, செவ்வாய்க்கிழமை வர வேண்டிய லோரியை வெள்ளிக்கிழமை ஓட்டி வந்தவருக்கு. அந்த ஓட்டுநரின் பெயர் மட்டும் இன்னும் தெரியவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.